திட்டிக்கொண்டே வாங்கினார்கள்

அந்தச் சத்தம் இன்னும் என் பற்களில் இருக்கிறது. கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் டிஸ்கெட் என்ற மெல்லிய தட்டு சுழலும், தேடியது கிடைக்காது, மறுபடி சுழலும், எலும்பை அரைப்பதுபோல் கரகரவென்று ஓர் ஓசை எழும். பிறகு கறுப்புக் கண்ணாடியில் பச்சை எழுத்தாக ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். அதன் கீழே ஒரு கேள்வி. எந்தப் பதிலைத் தட்டினாலும் அதே கேள்வி திரும்ப வந்து நிற்கும். அந்த நேரம் பார்த்து என் முதுகுக்குப் பின்னால் ஒரு வாடிக்கையாளர் நின்றுகொண்டிருப்பார். அவர் பேசாமல் இருந்தால் பயம். பேசினால் அதைவிடப் பயம்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. ஈய விலை சரிந்து, மலேசியாவின் ஈப்போவில் பாதித் தெரு கதவைச் சாத்திக்கொண்டிருந்தது. பழைய டவுனில் ஒரு கடைவீட்டின் மாடியில் எனக்கு வேலை. முன்பு டைப்ரைட்டர் விற்றுப் பழுதுபார்த்த கடை. காலத்தோடு போக வேண்டும் என்று முதலாளி கம்ப்யூட்டருக்கு மாறியிருந்தார். அவரை நான் அண்ணே என்று கூப்பிடுவேன். அவர் விரல்களில் டைப்ரைட்டர் மை இன்னும் போகவில்லை. அதற்குள் அந்த விரல்களால் டிஸ்கெட்டைத் தொடக் கற்றுக்கொண்டிருந்தார். பயந்துதான் தொடுவார்.

வருகிறவர்களுக்கு முன்னால் உட்கார்ந்து, கடல் தாண்டி எங்கோ இருந்த ஒரு பெரிய கம்பெனியின் புரோகிராமை ஓட்டிக் காட்டுவது என் வேலை. கடிதம் அடிக்கலாம், கிடங்கில் எத்தனை மூட்டை இருக்கிறது என்று பார்க்கலாம், கணக்குப் போடலாம். அந்தக் கம்பெனியின் பெயரை எங்கள் கடையில் யாரும் சொன்னதில்லை. பெரியவன் என்றால் போதும்.

பெரியவனின் புரோகிராம் மோசம். இது ரகசியமே இல்லை. நீளமான கடிதம் என்றால் பாதியில் உறைந்துபோகும். அச்சடிக்கச் சொன்னால் யோசிக்கும், யோசித்துக்கொண்டே இருக்கும், பிறகு அடித்த கடிதத்தையும் விழுங்கிவிட்டு ஒன்றும் தெரியாத பிள்ளைபோல் வெறும் கண்ணாடியைக் காட்டும். வாங்கியவர்கள் மாடிப்படி ஏறி வந்து தமிழில் திட்டுவார்கள், மலாயில் திட்டுவார்கள், கேண்டனீஸில் திட்டுவார்கள். ஒரு பள்ளிக்கூடத்து ஆசிரியர் மட்டும் ஆங்கிலத்தில் திட்டுவார், மிகவும் மரியாதையாக. திட்டி முடித்ததும் எல்லோரும் ஒன்றையே கேட்பார்கள்: "புதுசு எப்ப வரும்?"

"திட்டட்டும்லா" என்பார் அண்ணன். "திட்டுறவன்தான் திரும்பி வருவான். பேசாம போறான் பாரு, அவனுக்குத்தான் நீ பயப்படணும்."

நான் எல்லோருக்கும் பயந்தேன்.

எனக்கு இருந்த காரணம் இது. செமோர் பக்கம் நாங்கள் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டம் கைமாறிவிட்டது. பால்மரங்களைச் சாய்த்துவிட்டு வீட்டுமனை போடப் போவதாகச் சொல்லி நாங்கள் இருந்த வரிசை வீடுகளை, லயத்தை, காலி செய்யச் சொன்னார்கள். அப்பா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தார். அம்மாவும் நானும் ஒரு தகரப்பெட்டியோடும் மாதா படத்தோடும் ஈப்போவின் புந்தோங் பகுதிக்கு வந்து, ஒரு வீட்டின் பின்னறையில் ஒண்டிக்கொண்டோம். என் சம்பளம்தான் அந்த அறை. சம்பளம் நின்றால் போவதற்கு இடமில்லை. திரும்பிப் போக ஒரு லயம் இருந்தால்தானே திரும்பலாம். பால் வெட்டிய கையோடு வந்த அம்மா, பகலெல்லாம் அந்த அறையில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருப்பார். நான் வீட்டுக்குள் கால் வைக்கும்போது சாப்பிட்டியா என்று கேட்க மாட்டார். "வேலை இருக்கா?" என்பார்.

இன்னும் நிரந்தரமாக்கவில்லை என்னை. வியாபாரம் படுத்திருந்தது. ஒருநாள் அண்ணன் என் மேசைக்கு வந்து, மேசையைப் பார்த்தபடி சொன்னார்.

"நானா கடைக்கு கம்ப்யூட்டர் வாங்கப் போறாரு. கிடங்கு, கடை, ஆபிஸ் எல்லாத்துக்கும். நமக்கு வந்திச்சுன்னா நீ இரு. வரலன்னா..." காதைச் சொறிந்துகொண்டார். "எனக்கே நான் சம்பளம் குடுக்க முடியாது, புள்ள."

நானா என்று நாங்கள் சொன்னது மிளகாயும் மல்லியும் பருப்பும் மொத்தமாக விற்கும் ஒரு தமிழ் முஸ்லிம் வியாபாரியை. பேராக் மாநிலம் முழுக்க அவர் மூட்டை போகும். லூமுட் படகுத்துறையில் பங்கோர் தீவுக்கு ஏறும் மசாலாவரைக்கும் அவருடையது என்பார்கள். தம்பிகளோடு கூட்டாக நடத்திய வியாபாரம்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கத்திலும் பச்சை எழுத்துகள் ஓடின.

பெரியவனின் புரோகிராம் எங்கெங்கே உறையும் என்று எனக்குப் பாடம். அந்த இடங்களைச் சுற்றிக்கொண்டு போவதுதான் என் தொழில் என்றே சொல்லலாம். வாடிக்கையாளர் கீபோர்டில் ஒரு சாவியைக் காட்டி "இதை அமுக்கு" என்றால், "அதுக்கு முன்னால இதப் பாருங்கண்ணே" என்று சிரித்துக்கொண்டே வேறு பக்கம் இழுத்துப் போவேன். சிறுவயதில் அம்மாவோடு பால் வெட்டுக்குப் போன விடியலில், புல்லுக்குள் எங்கே கட்டுவிரியன் கிடக்குமோ என்று காலை எடுத்து எடுத்து வைப்பேனே, அதே நடை. சிரிப்புதான் புதிது.

நானாவுக்கு வேறொருவரும் புரோகிராம் காட்டப் போகிறார் என்று தெரிந்தபோது என் கால் அங்கேயே நின்றுவிட்டது.

அவர் ஆயர் தாவார் என்ற சிற்றூரில் தோட்டத்துப் பிள்ளைகளோடு ஓடி விளையாடி வளர்ந்த சீனர். என்னைவிட நன்றாகத் தமிழில் திட்டுவார். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து, எங்கள் தெருக்கோடியில் ஒற்றை அறையில் உட்கார்ந்து, தானே ஒரு புரோகிராம் எழுதியிருந்தார். அச்சு நாடா வாங்க எங்கள் கடைக்கு வருவார். ஒரு நாள் அண்ணன் வெளியே போயிருந்த சமயம், பிஸ்கட் டின்னிலிருந்து தன் டிஸ்கெட்டை எடுத்து எங்கள் மெஷினிலேயே போட்டார்.

"நீயே ஓட்டிப் பாரு."

ஓட்டினேன். நீளமான கடிதம் அடித்தேன். அச்சடிக்கச் சொன்னேன். வேண்டுமென்றே தப்பான சாவிகளை அமுக்கினேன். எங்கேயும் நிற்கவில்லை. தப்பாக அடித்தால், என்ன தப்பு என்று எளிய மலாயில் சொல்லிவிட்டுக் காத்திருந்தது. தண்ணீர்போல ஓடியது. கையை எடுத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னா இப்படிப் பாக்குறே? பேயைப் பாத்த மாரி."

"இது நிக்கவே இல்லையே."

"நிக்காதுலா. நின்னா எங்கம்மா என்னைச் செருப்பால அடிக்கும். தூங்காம எழுதுனது."

"ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கட்டா? வீட்டுல... இல்ல, இங்கயே பழகிப் பாக்க."

அவர் சிரித்தார். "முடியாது. பூட்டியிருக்கேன். எவன் எடுத்தாலும் வெறும் தட்டுதான் மிஞ்சும். என் உழைப்பைச் சும்மா வாரிக்கிட்டுப் போவ விடுவேனா?"

நியாயம்தானே என்று நினைத்தேன். எங்களிடம் அந்த நியாயமெல்லாம் இல்லை. பெரியவனின் புரோகிராமை யார் வேண்டுமானாலும் காப்பி எடுத்தார்கள். அடுத்த வரிசை மாடியில் ஒரு கடை, பிளாஸ்டிக் பையில் டிஸ்கெட்டும் நகலெடுத்த புத்தகமுமாக அதை மீன் விற்பதுபோல் விற்றது. மாலை வகுப்புப் பிள்ளைகள் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்கள். அண்ணன் முதல் நாள் மட்டும் கோபப்பட்டார். அப்புறம், "திருடட்டும் விடு. திருடிப் படிச்சவன் நாளைக்கு வேலைக்குப் போன எடத்துல எதைக் கேப்பான்? இதைத்தானே கேப்பான்" என்றார். பெரியவனும் அப்படித்தான் நினைத்தானோ என்னவோ. காப்பி எடுத்தவர்களை யாரும் வந்து பிடிக்கவில்லை.

ஆயர் தாவார்க்காரர் படி இறங்கிப் போன பிறகு, நான் எங்கள் மெஷினைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நானா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால் தீர்ந்தது. கண் இருக்கிற யாரும் எங்களுடையதை வாங்க மாட்டார்கள். அன்று வீட்டுக்குப் போனதும் அம்மா கேட்டார். "இருக்கும்மா" என்றேன்.

நானா சொன்ன நாள், ஆயுத பூஜைக்கு மறுநாள்.

பூஜையன்று கடையைக் கழுவி, வாழை கட்டி, பொரியும் சுண்டலும் பரப்பியிருந்தார்கள். நான் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள், ஓரமாக நின்று சுண்டலுக்குக் காத்திருந்தேன். அண்ணனின் மனைவி, நான் அக்கா என்பவர், கிண்ணத்தில் குழைத்த சந்தனத்தோடு வரிசையாக வந்தார். ஓரத்தில் கிடந்த பழைய டைப்ரைட்டர்களுக்குப் பொட்டு. கம்ப்யூட்டரின் நெற்றியில் பொட்டு. அச்சு இயந்திரத்துக்குப் பொட்டு. பிறகு மேசைமேல் நானாவுக்காக நான் எடுத்து வைத்திருந்த டிஸ்கெட்டைக் கையில் எடுத்தார். உறையிலிருந்து உருவினார். அதன் நடுவில் நீளவாக்கில் ஒரு திறப்பு இருக்கும். உள்ளே பழுப்புத் தட்டு தெரியும். விரல் படவே கூடாத இடம் அது. அக்காவுக்கு அது நெற்றிபோலத் தெரிந்திருக்க வேண்டும்.

"அக்கா, அதுல வேணாங்கா! அது உள்ள..."

"ஏன்? மத்ததுக்கெல்லாம் வெச்சாச்சு. நாளைக்கு நானாகிட்டப் போறதே இதுதானே, இதுக்கு வெக்காம எதுக்கு வெக்க?" சொல்லி முடிப்பதற்குள் மோதிர விரல் பதிந்துவிட்டது. அதன்மேல் குங்குமமும்.

நான் அண்ணனைப் பார்த்தேன். அவருக்கும் முகம் வெளுத்திருந்தது. ஆனால் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. பூஜை நேரத்தில் மனைவியிடம் எதுவும் சொல்லக்கூடிய மனிதர் இல்லை அவர். எல்லாம் முடிந்த பிறகு கைக்குட்டையால் துடைத்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"போயிருச்சு."

"வேற ஒண்ணு கொண்டு போலாம்ண்ணே."

"பூஜை போட்டதை விட்டுட்டு வேற ஒண்ணா?" என்றார். அது பக்தியா, பயமா என்று எனக்கு இன்றும் தெரியாது. "இதைத்தான் போடணும். வேணும்னா இன்னொண்ணைப் பைல வெச்சுக்க."

வைத்துக்கொண்டேன்.

நானாவின் ஆபிஸ் கிடங்கின் பின்புறம் இருந்தது. உள்ளே நுழைந்ததும் மிளகாய் நெடி மூக்கில் ஏறி, ஆளாளுக்கு அழுததுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். நீண்ட மேசையில் ஆயர் தாவார்க்காரரின் மெஷின் ஒரு பக்கம், எங்கள் மெஷின் ஒரு பக்கம். அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நானா வெள்ளைச் சட்டையும் கைலியுமாக நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். வெற்றிலை போட்ட வாய்.

"யாரு மொதல்ல?"

ஆயர் தாவார்க்காரர்தான் முதலில். நானா எழுந்துபோய் அவரே சாவிகளைத் தட்டிப் பார்த்தார். "தப்பா அடிச்சா?" "அடிங்க நானா." தட்டினார். புரோகிராம் பணிவாகப் பதில் சொன்னது. இன்னொரு தப்பு. இன்னொரு பணிவு. கடிதம் அச்சாகி வெளியே வந்தபோது நானா அதை எடுத்து முகர்ந்தே பார்த்தார், மல்லி மூட்டையை முகர்வதுபோல.

"அடேயப்பா. வெண்ணெ மாரி ஓடுது."

நான் புந்தோங் அறையை நினைத்தேன். அதன் ஒற்றைச் சன்னலை நினைத்தேன். அங்கே இருட்டில் உட்கார்ந்திருக்கும் அம்மாவை நினைக்கக் கூடாது என்று நினைத்தேன்.

எங்கள் முறை. டிஸ்கெட்டை உள்ளே தள்ளி, கொக்கியை மடக்கினேன். சுழன்றது. கரகரத்தது. மறுபடி சுழன்றது. அந்தச் சத்தம் அந்த மிளகாய்க் கிடங்கு முழுக்க நிறைந்தது. பச்சை வரி. கீழே கேள்வி. ஒரு பதிலைத் தட்டினேன். அதே கேள்வி. இன்னொன்றைத் தட்டினேன். அதே கேள்வி. அண்ணன் மெஷினின் பக்கவாட்டில் ஓர் அறை விட்டார்.

"அதைப் போடு, அதை!"

பைக்குள் இருந்ததை எடுத்துப் போட்டேன். அதே அரைப்பு. முதல் டிஸ்கெட்டில் ஒட்டியிருந்த சந்தனம் மெஷினுக்குள் தட்டைப் படிக்கும் தலையிலும் அப்பிக்கொண்டது, இனி எதைப் போட்டாலும் படிக்காது என்று எனக்குப் புரிந்தது. புரிந்ததைச் சொல்ல வாய் வரவில்லை.

"இது எப்பவும் இப்படித்தான் நானா" என்றார் அண்ணன், நெற்றியைத் துடைத்துக்கொண்டு. ஒரு விற்பனைக்காரர் சொல்லக் கூடாத வாக்கியம் உலகத்தில் உண்டென்றால் அதுதான். சொல்லிவிட்டார். தானாக வாயில் வந்துவிட்டது.

நானா சிரித்தார். கோபமில்லாத சிரிப்பு. "தெரியும்லா. தைப்பிங்ல என் மச்சான் கடையிலயும் இதான். தெனம் ஒரு வாட்டி படுத்துக்கும். அவன் திட்டாத நாள் இல்ல."

ஆயர் தாவார்க்காரர் எழுந்து வந்து, நான் வெளியே எடுத்த டிஸ்கெட்டை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார்.

"நானா, இது அவங்க புரோகிராம் தப்பு இல்ல. இதுல சந்தனம் இருக்கு."



"சந்தனமா?"

"நேத்து பூஜை" என்றார் அண்ணன் தரையைப் பார்த்து.

நானா வயிறு குலுங்கச் சிரித்தார். கைலியின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மெஷினுக்குமா பொட்டு வெச்சீங்க? மாப்பிள்ளை மாரி கொண்டாந்து எறக்கியிருக்கீங்க!" சிரித்து ஓய்ந்ததும் எழுந்து, ஆயர் தாவார்க்காரரின் மெஷினை ஒருமுறை தடவினார். அன்பாகத்தான் தடவினார். "தம்பி, உன்னுது நல்லாருக்கு. பொய் சொல்ல மாட்டேன். ஆனா இவங்களுதையே எடுத்துக்கிறேன்."

ஆயர் தாவார்க்காரர் ஓர் அடி முன்னால் வந்தார்.

"ஏன் நானா? எங்கயாச்சும் நின்னுச்சா?"

"நிக்கல. ஒண்ணு கேக்குறேன். நாளைக்கு நீ கல்யாணம் கட்டிக்கிட்டு கோலாலம்பூர் போயிட்ட. இது நின்னுபோச்சு. நான் யாரைக் கூப்பிட?"

"நான் வாரேன் நானா. எங்க இருந்தாலும் வாரேன்."

"நீ வருவே. ஒடம்பு சரியில்லன்னா? ஒத்த ஆளு நீ. இவங்களுது நின்னா தெருவுல போற ஸ்கூல் பையனைக் கூப்பிட்டாக்கூட எதையாச்சும் தட்டி எழுப்பி விட்டுருவான். வேலைக்கு ஒரு பொண்ணு போட்டா, அது இதைப் படிச்சிட்டுத்தான் வரும். உன்னுதை எங்க போயி படிக்கும்? காப்பி எடுக்கக்கூட விட மாட்டேங்கிறியாமே."

ஆயர் தாவார்க்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நானா குரலைத் தாழ்த்தினார். அந்தத் தாழ்ந்த குரலில்தான் அவர் உண்மையில் பேசினார் என்று நினைக்கிறேன்.

"இன்னொண்ணு. இது கெட்டா ஈப்போல எல்லாருக்கும் கெடும். யாரும் என்னை ஒண்ணும் கேக்க மாட்டாங்க, அந்தக் கம்பெனியைத் திட்டிட்டுப் போயிருவாங்க. உன்னுது ஒரே ஒரு நாளு கெட்டுச்சுன்னு வெச்சுக்க. 'ஊரே ஒண்ணு வாங்குது, உங்களை யாரு நானா இதை வாங்கச் சொன்னா'ன்னு என் தம்பிங்க நாலு பேரும் முன்னால வந்து நிப்பாங்க. நான் என்னா பதில் சொல்ல?"

அவ்வளவு பெரிய வியாபாரி. பேராக் முழுக்க மூட்டை அனுப்புகிறவர். அவர் கண்ணிலும் நான் பார்த்தது, என் வயிற்றில் இருந்த அதே பயம்தான்.

கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது எனக்குத் தோட்டத்து டிரெஸ்ஸர் நினைவு வந்தார். எழுபதுகளில், நான் சின்னவளாக இருந்தபோது, தோட்டத்து மருந்துக்கூடத்தில் அவர்தான் எல்லாம். காய்ச்சலா, வயிற்றுப்போக்கா, இருமலா, எதுவானாலும் பெரிய கண்ணாடிச் சாடியிலிருந்து ஒரே கசப்புத் தண்ணீர். சனங்கள் வரிசையில் நின்றே அவரைத் திட்டினார்கள். வாங்கிக் குடித்துவிட்டும் திட்டினார்கள். எனக்கு ஒருமுறை காய்ச்சல் தணியாமல் தூக்கித் தூக்கிப் போட்டபோது, அம்மா கசப்புத் தண்ணீரை ஒதுக்கிவிட்டு என்னை முதுகில் கட்டிக்கொண்டு செமோர் டவுனுக்கு நடந்து, ஒரு சீன வைத்தியரிடம் காட்டினார். காய்ச்சல் இறங்கியது. நான் பிழைத்தேன். ஆனால் லயமே திரண்டு வந்து அம்மாவைத்தான் ஏசியது. "வழியில புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிருந்தா? டிரெஸ்ஸர் குடுத்து செத்தா விதின்னு சொல்லலாம். நீயா கொண்டு போயி செத்திருந்தா?" அடுத்த காய்ச்சலுக்கு அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு அதே வரிசையில் போய் நின்றார். என் கையை வலிக்க வலிக்கப் பிடித்திருந்தார்.

வெளியே வேனில் ஆயர் தாவார்க்காரர் மெஷினை ஏற்றிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போனேன்.

"ஏன் சந்தனம்னு சொன்னீங்க? சொல்லாம இருந்திருந்தா..."

"சொன்னதாலயா தோத்தேன்?" போர்வையை மெஷின்மேல் இழுத்துவிட்டார். "சொல்லலன்னாலும் இதேதான். அதாம்லா எனக்குப் பயமா இருக்கு. என்கிட்ட எதாச்சும் தப்பு இருந்தா சொல்லு, போய்த் திருத்திருவேன். தப்பே இல்லன்னா எதைத் திருத்த?"

அவர் முகத்தைப் பார்க்காமல் வேன் கதவைச் சாத்த உதவினேன். அடுத்த மழைக்காலத்துக்குள் அவர் கடையில் வேறு பலகை தொங்கியது. பெரியவனின் புரோகிராமுக்கு வகுப்பு எடுத்தார். நன்றாக எடுப்பார் என்று பிள்ளைகள் சொன்னார்கள். எங்கே எங்கே உறையும், ஏன் உறையும் என்று அவருக்குத் தெரியாதது இல்லை.

அன்று திரும்பும் வழியில் அண்ணன் வேன் ஓட்டிக்கொண்டே பாடினார். "உனக்கு வேலை இருக்கு புள்ள! கெட்டியா இருக்கு!" என்று ஸ்டீரிங்கைத் தட்டினார். நான் சிரித்தேன். பயம் போயிருக்க வேண்டும். போகவில்லை, இடம் மாறி உட்கார்ந்திருந்தது. நான் காட்டியதிலேயே மோசமாக அன்று காட்டினேன், அப்படியும் விற்றுவிட்டது. அப்படியென்றால் நான் நன்றாகச் செய்த நாட்களிலும் விற்றது என்னால் இல்லை. என்னை அந்த மாடியில் பிடித்து வைத்திருந்தது எது?

மறு வாரமே தெரிந்தது. தொலைபேசியில் நானா.

"தங்கச்சி, படுத்துக்கிச்சு. வந்து எழுப்பி விடு."

குரலில் கோபம் துளியும் இல்லை. அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களோடு சேர்ந்து திட்டுவதற்கு அவருக்கும் இப்போது ஒன்று கிடைத்திருந்தது. போனேன். எழுப்பிவிட்டேன். தே தாரேக், நுரைக்க நுரைக்க இழுத்து ஆற்றிய டீ, வாங்கிக் கொடுத்தார். பிறகு அடுத்த கடை, அதற்கடுத்த கடை. அண்ணன் என்னை நிரந்தரமாக்கினார். காட்டுவது போய், எழுப்பிவிடுவதே என் முழு வேலையானது. ஒவ்வொரு கடையிலும் அது உறைந்து கிடக்க, நான் ஒரு பையோடு உள்ளே நுழைவேன். எல்லோர் முகமும் என் பக்கம் திரும்பும். புந்தோங் அறைக்குப் பக்கத்து அறையையும் சேர்த்து எடுத்துக்கொண்டோம். அம்மா சமைக்க ஒரு அடுப்பு வந்தது.

ஒன்று மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. பெரியவனின் புரோகிராம் நன்றாக ஓடிய வாரங்களில் எனக்குச் சோறு இறங்காது. தொலைபேசி அடிக்காத காலை என்றால் எழுந்து போய், ரிசீவரை எடுத்து, உயிர் இருக்கிறதா என்று காதில் வைத்துப் பார்ப்பேன்.

பிறகு ஒருநாள் புதுசு வந்தது. பளபளவென்று அட்டைப்பெட்டிகள். அண்ணன் விளம்பரத் தாளை விரித்து, ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"பழைய கோளாறு எல்லாத்தையும் சரி பண்ணிட்டாங்களாம்லா! இனிமே நிக்காதாம்!"

அவர் முகத்தில் சந்தோஷம். எனக்குப் பயம்தான் வந்தது. நானாவின் கடை, பள்ளிக்கூடம், வக்கீல் ஆபிஸ், எல்லாவற்றின் கதவும் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொள்வது தெரிந்தது. படுக்காத புரோகிராமுக்கு எழுப்பிவிட ஆள் எதற்கு? பெட்டியைப் பிரித்தேன். போட்டேன். நீளமான கடிதம் ஒன்றை அடித்தேன். ஓடியது. அச்சடிக்கச் சொன்னேன். அச்சடித்தது. முன்பு உறைந்த ஒவ்வொரு இடத்துக்கும் போய்த் தட்டினேன். எல்லா இடத்திலும் திறந்தது. மாதாவே, மாதாவே என்று மனதுக்குள் சொன்னேன். எதற்காகச் சொல்கிறேன் என்று மாதாவுக்கும் தெரியும். சொல்லவே கூடாத வேண்டுதல் அது.

கிடங்குக் கணக்கைத் திறந்து, சின்னதாக ஒரு திருத்தம் போட்டேன். துடித்துக்கொண்டிருந்த பச்சைப் புள்ளி நின்றது. ஒரு சாவியைத் தட்டினேன். அசையவில்லை. எல்லாச் சாவிகளையும் தட்டினேன்.

மூச்சு, எத்தனை நேரமாக அடக்கி வைத்திருந்தேனோ, வெளியே வந்தது. மாதாவுக்கு நன்றி சொன்னேன்.

"என்னா, இதுவும் நின்னுருச்சா?" அண்ணன் தாளைக் கசக்கி வீசினார். "நாசமாப் போறவனுங்க! மறுபடியும் ஏமாத்திட்டானுங்களே! இவனுங்க..."

"திட்டாதீங்கண்ணே" என்றேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்ததோ, வாயில் இருந்ததை முழுங்கிக்கொண்டு, மெதுவாக வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.